கிலோ கணக்கில் கிரிக்கெட்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் "பழைய கிரிக்கெட் சாமான் ஏதாவது இருக்காண்ணே?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. முதல் ஆறு மாதம் நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள், இரண்டு பேர் பிளாஸ்டிக் ஸ்டம்ப்பை எடுத்து நீட்டினார்கள், ஒருவர் "பையனுக்கா சார், என்ன வயசு?" என்று அக்கறையாக விசாரித்தார். பையனுக்கு இல்லை, நாற்பத்து மூன்று வயதில் எனக்கேதான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. சந்தையிலும் சரி, காயலான் கடையிலும் சரி, கிரிக்கெட் என்றோ டென்னிஸ் என்றோ ஒரு சரக்கே கிடையாது. பித்தளை உண்டு, இரும்பு உண்டு, அலுமினியம், பேப்பர், கட்டை, துணி உண்டு. ஒரு வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வருகிற எல்லாமே இந்தக் குவியல்களில் ஏதோ ஒன்றில் போய் விழுந்தாக வேண்டும். ஜெயித்தவருக்கு அது கோப்பை, கடைக்காரருக்கு அது ஒன்றேகால் கிலோ பித்தளை. அதனால் இப்போதெல்லாம் நான் எதையும் கேட்பதில்லை. குனிந்து முதலில் பித்தளையைப் பார்ப்பேன், பிறகு பேப்பர், கடைசியாகக் கட்டை. துணிப் பக்கம் போவதில்லை, அந்தத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பித்தளையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நேரம் முக்கியம். பழைய விளையாட்டுக் கோப்பைகளில் நிறைய பித்தளையில் செய்து மேலே நிக்கல் முலாம் பூசியவை. பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும். கடைக்காரர் அடிப்பக்கத்தைச் சாவியால் ஒரு சுரண்டு சுரண்டுவார், மஞ்சள் தெரிந்தால் பித்தளை மூட்டை. காந்தம் ஒட்டினால் இரும்பு மூட்டை. இப்போது வருகிற கோப்பைகளில் பாதி பிளாஸ்டிக், அதை யாரும் சுரண்டுவதுகூட இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், கோப்பையின் அடியில் கறுப்பாக ஒரு மரக்கட்டை இருக்குமே, அது பித்தளை விலைக்குப் போகாது. அதனால் எடை போடுவதற்கு முன்பே சுத்தியலால் ஒரு தட்டு, கட்டை தனி, கோப்பை தனி. எந்தப் போட்டி, எந்த வருஷம், யார் ஜெயித்தார்கள் என்று எழுதிய சின்னத் தகடு பெரும்பாலும் அந்தக் கட்டையில்தான் இரண்டு குட்டி ஆணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தகடு அலுமினியம் என்றால் அதையும் நெம்பி எடுத்து அலுமினிய மூட்டையில் போட்டுவிடுவார்கள். கட்டை டீக்கடை அடுப்புக்கு.

அதாவது காலை எட்டு மணிக்கு மேல் போனால் பெயர் இல்லாத கோப்பை ஒரு பக்கமும் கோப்பை இல்லாத பெயர் இன்னொரு பக்கமுமாகத்தான் கிடைக்கும். என் வீட்டில் இரண்டு வகையும் இருக்கிறது. ஒரு நாள் அலுமினிய மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி மூன்று தகடு எடுத்தேன், கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம், எந்தக் கோப்பைக்கும் பொருந்தவில்லை. கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் "சாருக்குப் பேரு வேணுமாம்" என்றார்.

எழுத்தைக் கோப்பையின் வயிற்றிலேயே வெட்டியிருந்தால் தப்பித்தோம். அப்படிக் கிடைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று, ஒரு ஜாண் உயரம், ஒரு காது உடைந்துவிட்டது, வயிற்றில் "ஹாக்கி, ரன்னர்ஸ், 1968" என்று ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் வெட்டியிருக்கிறது. ஏதோ ஆபீஸ் டீமாக இருக்கும். இந்தச் சென்னையில் ரயில்வே, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள் என்று ஆபீசுக்கு ஆபீஸ் டீம் வைத்து, விளையாட வருகிறவனுக்கு வேலையும் போட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஹாக்கி அணிக்குக் கேப்டன் நம் வாசுதேவன் பாஸ்கரன், ஹாக்கியில் இந்தியா அதற்கப்புறம் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஹாக்கிக் கோப்பை பித்தளை மூட்டையில் கிடப்பது ஒன்றும் ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம் வேறு. என்னிடம் இப்போது எழுத்தோடு சேர்ந்த கோப்பை பதினொன்று இருக்கிறது, அதில் எட்டு ரன்னர்ஸ். இரண்டாவது வந்தவர் வீட்டில்தான் முதலில் இட நெருக்கடி வருகிறதோ என்னவோ.

சரி, பேப்பர். இதில் எனக்குக் கொஞ்சம் ஆணவமே உண்டு, ஏனென்றால் ஸ்போர்ட்ஸ்டார் படித்து வளர்ந்தவன். 1978-இல் ஹிந்து குழுமம் ஆரம்பித்த வாரப் பத்திரிகை, நடுப்பக்கத்தில் வண்ண போஸ்டர் வரும், அதற்காகவே வாங்கியவர்கள்தான் பாதிப் பேர். இதன் விளைவு ஒன்று இருக்கிறது. பழைய பேப்பர் கடையில் ஸ்போர்ட்ஸ்டார் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், எடுத்து நடுவில் பிரித்தால் பின் அடித்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். நடுப்பக்கம் போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும். நடுப்பக்கத்தோடு ஒன்று கிடைத்தால், அந்த வீட்டில் பையன்கள் இல்லை அல்லது ஆட்டக்காரர் யாருக்கும் பிடிக்காதவர் என்று அர்த்தம்.

அந்தப் போஸ்டர்கள் எங்கே போயின என்றால் பீரோவுக்குள். பழைய இரும்பு பீரோ விற்பனைக்கு வரும்போது கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், பத்தில் இரண்டிலாவது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட்டர் இருப்பார். குரோம்பேட்டையில் ஒரு கடையில் ஒரு பீரோவின் வலது கதவுக்குள் கபில்தேவ் பந்து போடக் குதித்து எழுகிற படம், கை உச்சியில், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் துரு ஏறியிருந்தது, மற்றபடி நேற்று ஒட்டிய மாதிரி. வெயில் படாத இடம் அல்லவா. படத்தை மட்டும் உரித்துக்கொள்கிறேன், நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். கடைக்காரர் என்னையும் கபிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பீரோ நாலாயிரத்து ஐநூறு, படம் ஃப்ரீ" என்றார். மைதா பசை போட்டு ஒட்டியது, உரித்தாலும் வந்திருக்காது என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்போர்ட்ஸ்டாருக்கு முன்னால் அதே குழுமத்திலிருந்து ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்று ஒன்று வந்தது, 1947 முதல் 1968 வரை. இது திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் எப்போதாவது தலைகாட்டும். அப்பா காலத்து ஆட்கள் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகத்தைப் பரப்பி வைத்திருப்பார்கள், சேப்பாக்கம் ஸ்டேடியம் அங்கிருந்து நடக்கிற தூரம். அங்கே எடைக்கணக்கு கிடையாது, புத்தகக்காரர்கள் விவரமானவர்கள், நம் முகம் மலர்வதைப் பார்த்து விலை சொல்வார்கள். எனவே வேண்டியதை நடுவில் வைத்து மேலும் கீழும் இரண்டு சமையல் குறிப்புப் புத்தகத்தை அடுக்கி "மூணும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்பது என் வழக்கம். என் வீட்டில் இப்போது ஊறுகாய் போடுவது எப்படி என்று நாலு புத்தகம் இருக்கிறது. அப்பா இந்த விஷயத்தில் எப்போதும் ஒரு பெருமூச்சு விடுவார், மூர் மார்க்கெட் எரிந்திராவிட்டால் நீ இப்படி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை என்று. 1985 மே 30-ஆம் தேதி அது எரிந்தது, அந்த இடத்தில் இப்போது சென்ட்ரலின் மின்சார ரயில் நிலையம் நிற்கிறது. நான் அங்கே போனதே டிக்கெட் எடுக்கத்தான்.

பேப்பரில் இன்னொன்று, செஸ் புத்தகம். சென்னையில் சோவியத் செஸ் புத்தகங்கள் இன்னும் ஆங்காங்கே கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது, சோவியத் கலாசார மையத்தில் பழைய உலக சாம்பியன் மிகைல் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் நடந்தது, ஆனந்த் சின்னப் பையனாக விளையாடிய இடம் அது, அங்கே போய்வந்த பையன்கள் நிறைய. ஓரத்தில் பென்சிலால் தன் நகர்த்தலை எழுதி, பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு, அப்புறம் அந்த ஆச்சரியக்குறியை அடித்துக் கேள்விக்குறி போட்ட ஒரு புத்தகம் என்னிடம் இருக்கிறது. எண்பது ரூபாய்.

பழைய பேப்பரை வைத்துக்கொள்வது தனித் தலைவலி. செலோடேப் ஒட்டவே கூடாது, பத்து வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது. பின்னைக் கழற்றிவிடுங்கள், அந்தத் துருதான் முதலில் பக்கத்தை ஓட்டை போடும். ராமபாணப் பூச்சிக்குப் பாட்டி வைத்தியம், ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போட்டிருக்கிறேன். பூச்சி வரவில்லை, வீட்டில் யாரும் அந்த அறைப் பக்கமும் வருவதில்லை.

கட்டை விஷயத்தில்தான் நான் ஏமாந்தது. அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மர டென்னிஸ் ராக்கெட் பல்லாவரத்தில் அடிக்கடி வரும். நாலு மூலையிலும் திருகு வைத்த ஒரு மரச்சட்டத்துக்குள் மாட்டியபடி வந்தால் விடாதீர்கள், ஈரக்காற்றில் ராக்கெட் கோணாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம், அதைக் கழற்றாமல் வைத்திருந்தவர் ஆட்டத்தை மதித்தவர். வாங்கும்முன் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், விளிம்பு முழுக்கத் தரையில் உட்கார வேண்டும், முறுக்கிக்கொண்டு நின்றால் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது இந்த மாதிரி மர ராக்கெட்டை வைத்துத்தான், கையில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் அது என்ன கனம் என்று. இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி வந்து மொட்டை மாடியில் பத்து அடி அடித்துப் பார்த்தேன், மறுநாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

இனி அந்த பேட். 1996 உலகக் கோப்பை இந்திய அணி கையெழுத்து போட்ட குட்டி பேட் என்று ஒருவர் காட்டினார். சந்தையில் இல்லை, எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்து விற்கிற ஒரு கடையில். ஆயிரத்தைந்நூறு ரூபாய். கறுப்பு மையில் பதினான்கு கையெழுத்து, சச்சினும் அசாரும் பக்கத்தில் பக்கத்தில். கடையில் வெளிச்சம் கம்மி, எனக்கு அவசரம் ஜாஸ்தி. வீட்டுக்கு வந்து, நகைக் கடையில் பயன்படுத்துகிற பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். பேனாவால் கையெழுத்து போட்டால் ஆரம்பத்தில் மை தேங்கும், வேகமாக இழுக்கிற இடத்தில் மெலியும், மர இழையில் கொஞ்சம் ஊறும், இரண்டு கையெழுத்து ஒன்றின்மேல் ஒன்று போனால் எது முதலில் எது பிறகு என்று தெரியும். இதில் பதினான்கு பேரும் ஒரே பேனாவை ஒரே அழுத்தத்தில் பிடித்து ஒரே மூச்சில் எழுதியிருந்தார்கள். அச்சு. ஒரு வாரம் கழித்து இணையத்தில் தேடினால் அதே பேட், அதே கோணத்தில் அதே கையெழுத்துகள், இரண்டு வேறு ஊர்களில் விற்பனைக்கு. கடைக்காரரைத் திட்ட முடியாது, அவர் "கையெழுத்து பேட்" என்றுதான் சொன்னார், கையால் போட்ட கையெழுத்து என்று சொல்லவில்லை. அது இப்போது வீட்டில் துணி துவைக்கும் கல் பக்கத்தில் இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள்.

எம்ஆர்எஃப் ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டை "சச்சின் பேட்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஸ்டிக்கர் ஃபேன்ஸி ஸ்டோரில் தனியாகவே கிடைத்தது, எங்கள் தெருவில் ஒருவன் துணி துவைக்கும் மட்டையிலேயே ஒட்டி வைத்திருந்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதுவரை கிடைத்ததிலேயே நல்லது எது என்றால், அது எந்தக் குவியலிலும் தனியாக இல்லை. போன ஆடி மாதம், பல்லாவரத்தில், விமானம் தலைக்கு மேல் இறங்குகிற சத்தத்தில் பேரம் காதில் விழாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு காலை, மூன்று கிலோ பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று வாங்கினேன். முதல் போணி என்று அறுபது ரூபாய்க்குக் கொடுத்தார். உள்ளே நாலு ஸ்போர்ட்ஸ்டார், நடுப்பக்கம் இல்லாமல். பாக்கியெல்லாம் குப்பை. அடியில் ஒரு நீள நோட்டு, பிரவுன் தாள் அட்டை போட்டது, பால் கணக்கு, மளிகைக் கணக்கு. தூக்கிப் போடப் போனவன் தற்செயலாகத்தான் நடுவில் பிரித்தேன்.

செப்டம்பர் 1986. இந்தியா, ஆஸ்திரேலியா, சேப்பாக்கம். அதாவது ஸ்கோர் சமமாகி டை ஆன டெஸ்ட். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை, முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில். மொத்த ஸ்கோரும் நாள்வாரியாக நீல இங்க்கில் எழுதியிருந்தது, ரேடியோ கேட்டு எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது, பெயர்கள் காதில் விழுந்தபடி இருந்தன. டீன் ஜோன்ஸ் 210. சென்னை வெயிலில் வாந்தி எடுத்து எடுத்து ஆடி, அப்புறம் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டார், எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த 210-க்குப் பக்கத்தில் சின்னதாக "பாவம்" என்று எழுதியிருந்தது.

கடைசி நாளின் கடைசி 20 ஓவரும் பந்து பந்தாக இருந்தது. வரிசையாகக் கட்டம் போட்டு, ஓவருக்கு ஆறு கட்டம். ஜெயிக்க 348, கவாஸ்கர் 90, கடைசி ஓவரில் வேண்டியது 4 ரன், கையில் ஒரு விக்கெட். கிரெக் மேத்யூஸ் போடுகிறார், சாஸ்திரி ஆடுகிறார். முதல் கட்டத்தில் புள்ளி. இரண்டாவதில் 2. மூன்றாவதில் 1, ஸ்கோர் சமம். நாலாவதில் கடைசி ஆட்டக்காரர் மணீந்தருக்கு ஒரு புள்ளி. ஐந்தாவது கட்டத்தில் விக்கெட்டுக்கான ஆங்கில டபிள்யூ, ரொம்ப அழுத்திப் போட்டதில் பேனாவின் நிப் இரண்டாக விரிந்து ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக விழுந்திருக்கிறது. ஆறாவது கட்டம் காலி. நடுவர் கொடுத்தது எல்பிடபிள்யூ, பந்து பேட்டில் படாமல் காலில் பட்டது என்று. பக்கத்தில் "பேட்டில் பட்டது" என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி. மணீந்தரும் இன்றுவரை அதையேதான் சொல்கிறார்.

யாரோ பையன் என்றுதான் நினைத்தேன். என்னை மாதிரி ஒருவன், அம்மாவின் கணக்கு நோட்டைத் திருடி எழுதியவன். வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் பார்க்கும்போது இரண்டு விஷயம் உறைத்தது. 1986 செப்டம்பர் 22 ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் இருந்திருக்கும், ஆபீசும் இருந்திருக்கும். அப்புறம் அந்த எழுத்து. மளிகைக் கணக்கில் துவரம்பருப்புக்கு எழுதின "து"வும், ஸ்கோரில் "துரத்த வேண்டியது 348" என்பதன் "து"வும் ஒன்றே, கீழே இழுத்து இடப்பக்கம் ஒரு சுழி. புள்ளி வைப்பதும் அதே மாதிரிதான், ஒரு குட்டி வட்டமாக. பால்காரர் பாக்கி எழுதினவர்தான் மேத்யூஸின் ஓவரையும் எழுதியிருக்கிறார். அந்த ஓவருக்கு அடுத்த பக்கம், 23-ஆம் தேதி, பால் ஒன்றரை லிட்டர், அப்பளம், கோலமாவு.

நோட்டில் பெயர் இல்லை. முன் அட்டையில் இருந்திருக்கலாம், அந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே போய் அந்தக் கடைக்காரரைப் பிடித்தேன். அந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் முதலில் பயந்துவிட்டார், ஏதோ பத்திரம் தொலைந்து தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. நோட்டைக் காட்டினேன். பிரித்துப் பார்த்து, "பால் கணக்குங்களே சார்" என்றார். மடிப்பாக்கம் பக்கம் ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், பேரப் பையன் கூப்பிட்டு எடைக்குப் போட்டான், யார் எவர் என்று கேட்டுக்கொள்ளவில்லை என்றார். வேறு நோட்டு ஏதாவது இருந்ததா அண்ணே, இதே மாதிரி பிரவுன் அட்டை போட்டது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"நீள நோட்டா? ரெண்டு மூட்டை இருந்துச்சு சார். பத்திரிகைதான் இங்கே போகும்னு அதை மட்டும் எடுத்து வச்சேன். நோட்டெல்லாம் திங்கக்கிழமையே மில்லுக்குப் போயிடுச்சு."